மொச்சை முளைக்காத காடு: கொழிஞ்சாம்பாறையிலிருந்து காந்தலூருக்கு

சென்ற ஆண்டு புரட்டாசியில் நான் போய்வந்த இந்தப் பயணத்தைச் சுற்றுலா என்று சொல்ல முடியாது. அருவி, காட்சிமுனை எதையும் பார்க்கவில்லை. எடுத்த படங்களும் நாலைந்துதான், அவற்றிலும் பாதி மண் படங்கள். மொச்சை விதை ஏன் முளைக்கவில்லை என்று தெரிந்துகொள்ளப் போனேன். இருந்தாலும் கோவையிலிருந்து காந்தலூர் போக நினைப்பவர்களுக்கு நேரமும் கட்டணமும் உதவும் என்பதால் வழக்கம்போல் எழுதிவைக்கிறேன். கூடவே, பழைய பதிவு ஒன்றுக்கு நான் செய்ய வேண்டிய திருத்தமும் இதில் இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கோவையில் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஈரத்தாளில் விதைகளை வரிசையாக வைத்து, எத்தனை முளைத்தன என்று எண்ணுவதுதான் பதினேழு வருடமாக என் தொழில். விடுமுறை கிடைத்தால் பேருந்து ஏறிவிடுவேன். அப்படி இரண்டு வருடத்துக்கு முன்னால் காந்தலூர் போனபோது பாண்டியம்மா அக்காவைச் சந்தித்தேன். முப்பது வருடம் மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்ற பிறகு காந்தலூரில் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பூண்டும் மொச்சையும் போடுகிறார். அவருடைய மொச்சை விதையை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே முளைக்கவைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "நம்பி வாங்கலாம்" என்று இந்த வலைப்பக்கத்தில் எழுதினேன். அதைப் படித்துப் பலர் வாங்கினார்கள்.

அவர்களில் ஒருவர் என் அக்கா சரசுவின் கணவர் குமாரசாமி. நான் மாமா என்று கூப்பிடுவேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மேனோன்பாறை போகும் வழியில் அவருக்கு நான்கு ஏக்கர் இருக்கிறது. புரட்டாசி பிறந்த வாரம் அவரிடமிருந்து போன் வந்தது.

"உன்ற ஆளு குடுத்தது செத்த வெதை கண்ணு. ரெண்டு தடவ போட்டாச்சு. காடே மொட்டையாக் கெடக்குது, வந்து பாரு."

எனக்குப் போன் செய்யும் முன்பே அவர் காய்கறி விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவைப் போட்டுவிட்டார். பாலக்காட்டுக் கிழக்குப் பக்கமும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமும் உள்ள ஏராளமானவர்கள் இருக்கும் குழு அது. "காந்தலூர் பாண்டியம்மா பழைய வெதையக் குடுத்து ஏமாத்திப்போட்டா, யாரும் வாங்காதீங்க" என்று பெயரைச் சொல்லியே பேசியிருந்தார். விதை கேட்டு வைத்திருந்தவர்கள் இரண்டே நாளில் ஒவ்வொருவராக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மொச்சை விதைப்புக்குப் பட்டம், அதாவது குறிப்பிட்ட பருவம், உண்டு. பட்டம் தாண்டினால் அந்த வருடம் அந்த விதை குழம்புக்குத்தான்.

அடுத்த சனிக்கிழமை காலை 6.20க்கு உக்கடத்தில் வேலந்தாவளம் வழியாகப் போகும் பேருந்தைப் பிடித்தேன். கொழிஞ்சாம்பாறைக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து மாமா வீட்டுக்கு ஆட்டோவில் ஐந்து கிலோமீட்டர், 120 ரூபாய். பாலக்காடு என்றால் எங்கும் நெல்வயல் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் இந்தப் பக்கம் வந்தால் திகைத்துப்போவார்கள். கரிசல் மண், பனை, சோளத்தட்டுப் போர், கணவாய்க் காற்று. பேச்சும் பொள்ளாச்சிப் பேச்சுதான். கடைப் பலகைகளைப் படித்தால்தான் கேரளம் என்று தெரியும்.

அக்கா டீ கொடுத்தாள். கேன் தண்ணீரில் போட்ட டீ. "நம்ம போர்த் தண்ணில போட்டா பால் திரிஞ்சு போகுது" என்றாள். அதைக் கேட்டதுமே எனக்குப் பொறிதட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மாமாவின் கோபம்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டை ஒட்டிய மேல்காட்டில் மண்ணை வரிசையாக மேடு கட்டிப் பார் பிடித்து விதைத்திருந்தார். பாரின் முகட்டில் மாவு தூவியது போல வெள்ளை பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. மண்ணைக் கிளறி ஒரு விதையை எடுத்தேன். மண் ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் விதை வாங்கிவந்த அன்று இருந்தது போலவே கல்லாக இருந்தது, துளியும் ஊறியிருக்கவில்லை. போன கோடையில் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக இறக்கியதாக மாமா சொன்னார். ஆழம் போகப் போக உப்பு ஏறிவிட்டது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சப் பாய்ச்ச, வெயிலில் நீர் மட்டும் ஆவியாகி உப்பு மண்ணில் தங்கிவிட்டது. சுற்றிலும் உப்பு இருந்தால் விதையால் ஈரத்தை உறிஞ்ச முடியாது. தண்ணீருக்கு நடுவில் தாகத்தோடு கிடக்கும்.

கீழ்க்காடு இன்னும் மோசம். அது சாலையை ஒட்டிய பள்ளம். சாலையோரத்தில் ஒரு லாரிப் பட்டறை இருந்தது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றும் லாரிகள் அங்கே ஆயில் மாற்றுகின்றன. கழிவு எண்ணெயைக் கொட்டும் குழி ஆடி மழையில் நிரம்பி வழிந்து, காட்டின் கால்வாசிக்குப் பரவியிருந்தது. காய்ந்த மண் கரிக்கட்டி போல இருந்தது. என் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். சேம்பிலையில் விழுந்தது போல முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை. மண்ணின் ஒவ்வொரு துணுக்கையும் எண்ணெய் போர்த்தியிருந்தால் தண்ணீரும் போகாது, காற்றும் போகாது. எப்படியோ ஈரம் பட்டு ஊறிய சில விதைகள் மூச்சு முட்டி அழுகிக் கிடந்தன.

"இந்த ஷெட்டு யாருதுங்க மாமா?"

மாமா தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார். பின்னால் வந்த அக்காதான் சொன்னாள். "எடம் நம்முளுதுதான். வாடகைக்கு உட்டதே உங்க மாமன்தான். வேண்டாமுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

"அதுக்கும் வெதைக்கும் என்ன சம்மந்தம்?" என்று மாமா அக்காவிடம் பாய்ந்தார். பாய்ந்த வேகத்திலேயே, சம்பந்தம் அவருக்கும் தெரியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஊகத்தை வைத்துப் பேசக்கூடாது. மேல்காட்டு மண், கீழ்க்காட்டு மண், கிணற்றுத் தண்ணீர், மாமாவிடம் மிச்சம் இருந்த விதை எல்லாவற்றையும் பைகளில் கட்டி எடுத்துக்கொண்டு மாலை 4.10 பேருந்தில் திரும்பினேன். இது அலுவலக வேலை அல்ல என்பதால் வீட்டு பால்கனியில் நான்கு தட்டுகளில் வைத்தேன், ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து விதை. முதல் தட்டில் வெறும் ஈரத்துணி. இரண்டாவதில் மேல்காட்டு மண், அதே கிணற்றுத் தண்ணீர். மூன்றாவதில் அதே மண்ணை மழைநீரால் நன்றாக அலசி வடித்து, மழைநீரே ஊற்றினேன். நான்காவதில் கீழ்க்காட்டு மண், மழைநீர்.

ஒன்பதாம் நாள் எண்ணினேன். ஈரத்துணியில் இருபத்து மூன்று முளைத்திருந்தன. கிணற்றுத் தண்ணீரில் ஆறு. அலசிய மண்ணில் பதினாறு. எண்ணெய் மண்ணில் இரண்டு, அந்த இரண்டின் வேர்நுனியும் தீய்ந்தது போலப் பழுப்பாக இருந்தது. விதையில் ஒரு குறையும் இல்லை.

மாமாவிடம் போனில் சொன்னேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காந்தலூர் போகிறேன், நீங்களும் வாங்க என்று கூப்பிட்டேன். "என்ற மூஞ்சிய வெச்சுட்டு எப்படிக் கண்ணு வாரது? நீயே சொல்லிப்போடு" என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை 5.10க்கு உக்கடத்தில் ஏறி 6.25க்குப் பொள்ளாச்சியில் இறங்கினேன். உடுமலை பஸ் நிற்கும் இடத்தில், வெள்ளைச் சட்டையில் ஒரு மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். "உங்கக்கா தூங்க உடல" என்று மட்டும் சொன்னார்.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை 28 கிலோமீட்டர். 7.30க்குப் போய்ச் சேர்ந்து இட்லி சாப்பிட்டு, 8.15க்கு மறையூர் வழியாக மூணாறு போகும் பஸ்ஸைப் பிடித்தோம். உடுமலை–மறையூர் 42 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வலது பக்க ஜன்னல், இடது பக்க ஜன்னல் என்று யோசிக்க வேண்டாம், யானை எந்தப் பக்கமும் நிற்கலாம். அன்றைக்கு நாங்கள் பார்த்தது மான்கள் மட்டும்.

சின்னாறு சோதனைச் சாவடியில் பைகளைப் பார்த்தார்கள். மாமாவின் மஞ்சள் பையில் இரண்டு பொட்டலம் மண் இருந்தது. மலையாளமும் தமிழும் கலந்து பேசிய ஓர் இளம் காவலர் அதை எடுத்து முகர்ந்தார்.

"இது எந்தா, மண்ணோ?"

"மண்ணுதானுங்க. எங்க காட்டு மண்ணு."

"காட்டு மண்ணோ! எந்தக் காட்டுல நின்னு எடுத்தது?" காவலரின் குரல் மாறிவிட்டது.

கொங்குப் பேச்சில் காடு என்றால் விளைநிலம் என்று நான் விளக்கிச் சொல்வதற்குள் பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. "அப்போ க்ருஷி ஸ்தலம்னு பறயணும் சேட்டா" என்று, விளைநிலத்துக்கான மலையாளச் சொல்லைக் கற்றுக்கொடுத்துச் சிரித்துக்கொண்டே பையைத் திருப்பித் தந்தார். இத்தனை நாளில் மாமா சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பும் மறையூர் வரை தாங்கவில்லை.

மறையூரிலிருந்து காந்தலூர் 16 கிலோமீட்டர். ஆள் சேர்ந்ததும் கிளம்பும் ஜீப்பில் ஆளுக்கு 60 ரூபாய். 11.20க்கு இறங்கி, பத்து நிமிடம் மேட்டில் நடந்தோம். மாமாவுக்கு மூச்சு வாங்கியது. ஏற்றம் மட்டும் காரணம் இல்லை.

பாண்டியம்மா அக்கா பூண்டுப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "வா தாயி. இவுக யாரு?"

"எங்க மாமாங்க்கா. கொழிஞ்சாம்பாறை."

ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் இறுகியது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பாலில்லாத கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தார். அறையின் மூலையில் வாய் தைத்த இரண்டு சாக்கு மூட்டைகள் இருந்தன. யாரும் கேட்காமலே சொன்னார். "அம்புட்டும் வெத மொச்ச. ஒரு மூட்டையப் பிரிச்சு இனி அவிச்சுத் திங்க வேண்டியதுதேன்."

மாமா காப்பியைக் கீழே வைத்தார். பொட்டலங்களைப் பிரித்து அவர் முன்னால் தள்ளினார். "உங்க வெதைல ஒரு குத்தமும் இல்லீங்க. எங்க மண்ணுதானுங்க கெட்டுப்போச்சு. தெரியாமப் பேசிப்போட்டனுங்க."

பாண்டியம்மா அக்கா கறுத்த மண்ணை எடுத்து முகர்ந்தார். "வண்டி ஆயிலு. எஸ்டேட்ல லாரி நிப்பாட்டுற எடத்துல பில்லுகூட மொளைக்காது. இதுலயா போட்டீக எம் மொச்சைய?" என்று கேட்டுவிட்டு மண்ணைக் கீழே போட்டார். அதுவரை அமைதியாக இருந்தவருக்கு அப்போதுதான் குரல் உயர்ந்தது. "தெரியாமப் பேசுனீக, சரி. எனக்கு ஒரு போனு போட்டுக் கேக்கக் கூடாதா? ஊர் பூராம் ஏமாத்துக்காரின்னு சொல்லிப்புட்டு, எங்கிட்ட மட்டும் வந்து மெல்லமாச் சொன்னா சரியாப் போச்சா?"

"என்ன பண்ணோணும் சொல்லுங்க" என்றார் மாமா.

"எங்க சொன்னீகளோ அங்கயே சொல்லுங்க. வாயாலயே சொல்லுங்க."

அவர் வீட்டில் சிக்னல் கிடையாது. மூவரும் மேலே பள்ளிக்கூட வளைவு வரை ஏறினோம். அங்கே நின்று மாமா போனை வாயருகே வைத்துக்கொண்டு பேசினார். "எல்லாருக்கும் வணக்கமுங்க. அந்த மொச்சை வெதை விஷயமா, நம்ம பக்கத்து மண்ணுலயும் சில கோளாறு இருக்கும் போலிருக்குதுங்க..."

"இருக்கும் போலயா?" என்றார் பாண்டியம்மா அக்கா. "அழிங்க."

இரண்டாம் முறை உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொன்னார். பட்டறையைப் பற்றிச் சொல்லவில்லை. இந்த முறை பாண்டியம்மா அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா அதைத் தானாகவே அழித்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை பேசினார்.

"நான் குமாரசாமி பேசறனுங்க. காந்தலூர் பாண்டியம்மா குடுத்தது நல்ல வெதைங்க. நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன். என்ற கெணத்துத் தண்ணி உப்பு. என்ற எடத்துல நானே வாடகைக்கு உட்ட பட்டறையில இருந்து ஆயில் வந்து காடு கெட்டுப்போச்சு. அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. நம்மமேல பழி வரக்கூடாதுன்னு அந்தம்மா மேல போட்டுட்டேன். யாரும் அவங்களத் தப்பா நெனைக்காதீங்க."

அனுப்பிவிட்டு அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். பாண்டியம்மா அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அண்ணன் சொல்லிட்டாக. நீ ஏந்தாயி எம் பேர எடுத்த?"

மாமா முதலில் போன் செய்த அன்றே, ஒரு விதையைக்கூட எண்ணிப் பார்க்காமல், பழைய காந்தலூர் பதிவிலிருந்து பாண்டியம்மா அக்காவைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டேன். படித்து வாங்குகிறவர்கள் நாளை என்னைக் கேட்கக் கூடாதே என்ற பயம். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். மூணாறில் வேலை செய்யும் அவர் மகள் அதைப் பார்த்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"பயந்துட்டேங்க்கா" என்றேன்.

"நீ எண்ணிப் பாத்தவ. அவுக சொன்னதவிட அதுதேன் எனக்கு வலிச்சது" என்றார்.

பிறகு கீழே இறங்கி, மூவரும் சோறு சாப்பிட்டோம். மொச்சைக் குழம்பு. நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்கும் மாமாவுக்கும் வாய் வரவில்லை. 2.30 ஜீப்பில் திரும்பினோம். சின்னாறு வழியில் மாலைக்குள் காட்டைக் கடந்துவிட வேண்டும்; இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் அவ்வப்போது மாறுவதால் உடுமலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்தில் ஒரு மூட்டை விதை விற்றுப்போய்விட்டது. இன்னொன்று தங்கிவிட்டது, அதற்குள் பலருக்குப் பட்டம் தாண்டிவிட்டது. பட்டறைக்காரர் உடனே கிளம்பவில்லை, மார்கழியில்தான் காலி செய்தார். மாமா ஐப்பசி மழையை மேல்காட்டில் வரப்புக் கட்டித் தேக்கி, உப்பு கீழே இறங்க விட்டார். பாரின் முகட்டில்தான் உப்பு சேரும் என்பதால் அடுத்த விதைப்பைப் பாரின் சரிவில் போடச் சொன்னேன். பாதிக்கு மேல் முளைத்தது. கீழ்க்காட்டில் கறுத்த மேல்மண்ணை வழித்தெடுத்து, தொழுவுரமும் வைக்கோலும் கலந்து உழுதுவைத்திருக்கிறார். அங்கே இன்னும் எதுவும் சரியாக வரவில்லை. எண்ணெய் பட்ட மண் தேற எத்தனை பருவம் ஆகும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வழித்த மண் சாக்குகளில் கட்டி வேலியோரம் கிடக்கிறது. அதை எங்கே கொண்டுபோவது என்று அவர் கேட்டபோதும் எனக்குப் பதில் தெரியவில்லை.

விதை வாங்குபவர்களுக்கு: முளைக்கவில்லை என்றால் யாரையும் குறை சொல்லும் முன், அதே விதையில் இருபத்தைந்தை ஈரத்துணியிலும், இருபத்தைந்தை உங்கள் மண்ணிலும் வையுங்கள். துணியில் முளைத்து மண்ணில் முளைக்காவிட்டால் விதை நல்ல விதை. மண்ணைக் காட்டின் நாலைந்து இடங்களில் ஒரு சாண் ஆழம் வரை எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். பாய்ச்சும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனைக்குச் சேர்த்தே கொடுங்கள். காந்தலூர் போய்வர உக்கடத்திலிருந்து எனக்கு ஆன பேருந்து, ஜீப் செலவு ஏறக்குறைய 370 ரூபாய். கட்டணம் மாறியிருக்கலாம்.

பழைய பதிவில் எடுத்த பத்தியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். எடுத்தது நான்தான் என்பதையும் அதன் கீழே எழுதியிருக்கிறேன். பாண்டியம்மா அக்காவின் தொலைபேசி எண்ணைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"வேணுங்குறவுக நேர்ல வரட்டும் தாயி. வரும்போது அவுக மண்ணுல ஒரு கை அள்ளிட்டு வரட்டும். பாத்துட்டுத்தேன் குடுப்பேன்."